ஒருத்திக்கு இரண்டு பதிவு

நவம்பர் 4, திங்கள்

இந்த டைரியைப் போன ஜனவரியில் ஒரு காப்பீட்டு முகவர் கொடுத்தார். பத்து மாதமாக இதன் மேல் டீ டம்ளர் வைத்திருந்தேன். இன்று திறந்து எழுதுவதற்குக் காரணம் பேராசிரியர் கனகசபை, எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவர். "எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைம்மா. நாளைக்கு யார் எப்போ என்ன செஞ்சாங்கன்னு கேள்வி வந்தா கையில ஆதாரம் இருக்கணும்" என்றார். அவர் சொன்னது ஆய்வுக் குறிப்பேட்டை. இரண்டு நோட்டு வைத்து எழுத எனக்குப் பொறுமை கிடையாது. எல்லாம் இதிலேயே இருக்கட்டும், கேன் தண்ணீர் உட்பட.

கேன் தண்ணீர் இன்றும் வரவில்லை.

வேலை விஷயம். என் ஒப்பந்தம் மார்ச் 31 வரை. முப்பத்தேழு வயதில் இது மூன்றாவது தற்காலிக வேலை. இதற்கு மேல் நீட்டிக்க விதியில் இடமில்லை. அதற்குள் ஒரு புதுத் துகளைக் காட்டிவிட்டால், நிரந்தர வேலைக்கான தேர்வுக் குழுவில் எனக்காகப் பேசுவதாகக் கனகசபை வாக்குக் கொடுத்திருக்கிறார். காட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 7, வியாழன்

சாத்தூரிலிருந்து அப்பா போன். வாரம் ஒரு தடவை அழைப்பார், வாரம் ஒரு தடவை அதே கேள்வி.

"பாப்பா, நீ அங்க என்னத்தத் தேடிக்கிட்டிருக்க? டீக்கடையில கேக்காக."

பத்து வருடமாகப் பதிலை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். இன்று இப்படிச் சொன்னேன். டி மேசான் என்று ஒரு துகள் உண்டு. அதற்குள் சார்ம் குவார்க் என்று அதைவிடச் சின்னதாக ஒன்று இருப்பதால் சார்ம் மேசான் என்றும் சொல்வோம். பிறந்த மறுகணமே மூன்று துண்டாக உடைந்து செத்துவிடும். சில சமயம் நேராக மூன்றாக உடையாது. முதலில் இரண்டாக உடையும், அதில் ஒன்று மறுபடி இரண்டாக உடையும். நடுவில் அப்படி வந்து போனது யார் என்று எவரும் நேரில் பார்க்க முடியாது. மிஞ்சிய துண்டுகளை வைத்து அதன் எடையைக் கணக்குப் போடலாம். லட்சக்கணக்கான சாவுகளைக் கணக்குப் போட்டதில் ஒரே எடை திரும்பத் திரும்ப வந்தால், அங்கே ஒரு ஆள் இருந்திருக்கிறார் என்று அர்த்தம்.

"பொணத்த வச்சு ஆளத் தேடுற போலீசு வேல" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது. கடைசியில் வழக்கமான வாக்கியம் வந்தது: "முப்பத்தொரு வருஷம் கண்டக்டரா இருந்து ஒரு மெமோ வாங்காதவன் மக நீ. கட்டாயம் கெடைக்கும்."

இதே மனிதர்தான் நான் பிளஸ் டூ முடித்தபோது டீச்சர் டிரெயினிங் போதும் என்றவர். மதுரைக் கல்லூரிக்கு விண்ணப்பத்தை நீட்டினேன். கையெழுத்துப் போடாமல், விடுப்பில் போனவருடைய டிரிப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு மூன்று நாள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அம்மா போட்டாள். அம்மா இப்போது இல்லை, கையெழுத்துப் போடாதவரோடு வாரா வாரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 13, புதன்

என் பெயர் செ. பூங்கோதை. செ என்றால் செல்லச்சாமி, அப்பா. சாத்தூரிலும் சென்னையிலும் இதில் யாருக்கும் ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

எங்கள் சோதனை வெளிநாட்டில் நடக்கிறது. அறுநூறு பேர் கொண்ட கூட்டுக் குழு. மாணவியாக அதில் சேர்ந்தபோது ஊர் வழக்கப்படி, செ என்பதை ஆங்கில எழுத்தாக்கி, 'சி. பூங்கோதை' என்று பதிந்தேன். பிறகு பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்றார்கள். குடும்பப் பெயருக்கு எங்கே போவது, அப்பா பெயரைப் போட்டேன். இந்த வேலையில் சேரும்போது பாஸ்போர்ட்டைப் பார்த்து அவர்களே புதிதாகப் பதிந்துகொண்டார்கள்: 'பி. செல்லச்சாமி'. ஆக, கூட்டுக் குழுவின் பட்டியலில் நான் இரண்டு பேர். சி. பூங்கோதை விலகிப் போனவர் என்று போட்டிருக்கிறது. பி. செல்லச்சாமி பணியில் இருக்கிறார்.

இதுவரை நாற்பத்திரண்டு கட்டுரைகளில் அப்பாவின் பெயர் அச்சேறியிருக்கிறது. அவர் அதில் ஒன்றின் முதல் பக்கத்தை லேமினேட் செய்து டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார். என் பெயர் அதில் ஒற்றை எழுத்து.

பழைய பதிவில்தான் என் கோப்புகள் எல்லாம் கிடக்கின்றன. இன்றைக்கும் அதில் நுழைந்துதான் வேலை பார்க்கிறேன். நாளைக்கு ஒரு முடிவுக்குக் கூட்டுக் குழுவின் ஒப்புதல் கேட்கும் நேரத்தில் வம்பு வரும் என்று தோன்றியது. இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டேன். எண் 7718. உடனே பதில் வந்தது: வரிசையில் உள்ளது.

பக்கத்து மேஜை ரெஜினாவிடம் சொன்னேன். நாகர்கோவில்காரி. "ரெண்டு பேருக்க வேலையையும் நீதானே செய்யுக, ரெண்டு பேராட்டே இருந்துட்டுப் போயேன் டீ" என்றாள்.

நவம்பர் 19, செவ்வாய்

காலையில் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. குச்சியை விட்டுக் குத்தியதில் யாரோ பழைய குடித்தனக்காரரின் மோதிரம் வந்தது. பித்தளை.

தரவுக் கோப்புகளின் பட்டியலை இன்று முடித்தேன். மூன்று வருடத் தரவு. முதல் இரண்டு வருடங்கள் சின்னக் கட்டுகள். மூன்றாம் வருடம் பெரியது, 3-அ, 3-ஆ என்று இரண்டு பெயரில் வந்திருக்கிறது. முதலாவதில் 41,376 சிதைவுகள் (அப்பாவிடம் சொன்ன சாவுகள்), இரண்டாவதில் 41,381. வருடத்தின் முன்பாதியும் பின்பாதியும் இவ்வளவு ஒத்துப்போகின்றன. இயந்திரம் சீராக ஓடியிருக்கிறது, நல்லது. இரண்டையும் சேர்த்தேன். ஒரே சிதைவு இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று வரிசை எண்ணை வைத்துப் பார்க்கும் சோதனையையும் ஓட்டினேன். ஒன்றுகூட இல்லை.

கேஸ் புக் செய்தாயிற்று.

நவம்பர் 30, சனி

புயல் மழை. வேளச்சேரியில் தெரு முழுக்க முழங்கால் தண்ணீர், குடிக்கத்தான் இல்லை. மின்சாரமும் இல்லை. எழுதவும் ஒன்றுமில்லை.

டிசம்பர் 11, புதன்

இருக்கிறது.

காலை பதினொன்று இருபதுக்குப் படம் திரையில் வந்தது. சரிவாக இறங்கிப் போகும் கோட்டின் நடுவில், புரோட்டானைப் போல ஒன்றே முக்கால் மடங்கு எடையில், காளையின் திமில் மாதிரி ஒரு மேடு. அந்த எடையில் இதுவரை யாரும் எதையும் பார்த்ததில்லை. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். திரும்ப ஓட்டினேன். திமில் அங்கேயே இருந்தது.

வெறும் தற்செயலாக இப்படி ஒரு மேடு வர எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சிக்மாவில் சொல்வோம். மூன்று என்றால் கவனிக்கலாம். ஐந்து என்றால், முப்பத்தைந்து லட்சம் தடவை செய்தால் ஒரு தடவைதான் தற்செயலாக அப்படி வரும். ஐந்தைத் தாண்டினால்தான் அதற்குக் கண்டுபிடிப்பு என்று பெயர். எனக்கு 5.3.

ரெஜினாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு தன் டிபன் டப்பாவைத் திறந்து மீன் குழம்பை முழுவதும் என் சோற்றில் ஊற்றினாள். "தின்னு. இனி ஒனக்க பின்னால ஓடியதுதான் எங்களுக்கு வேல."

சந்தோஷமாக இருந்தேன். இதைத் தேதி போட்டு எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அடிக்கடி வருவதில்லை.

டிசம்பர் 12, வியாழன்

கனகசபை படத்தைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"ரெஜினாவுக்குத் தெரியும் சார்."

"இனிமே யாருக்கும் வேண்டாம். இது நம்ம ரிசல்ட்."

நான்கு வருடத்தில் 'நம்ம' என்று அவர் என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அதுவரை 'உன்னோட கிராஃப்', 'உன்னோட எரர்' தான். வெளியே வரும்போது, அவர் எனக்கு உட்கார நாற்காலி இழுத்துப் போட்டதும் ஞாபகம் வந்தது. அதுவும் முதல் தடவை.

ஜனவரி 3, வெள்ளி

டைரி டிசம்பரோடு தீர்ந்துவிட்டது. பின்னால் இருக்கும் வெற்றுப் பக்கங்களில் எழுதுகிறேன். பஸ் வழித்தட வரைபடத்துக்கும் சுப முகூர்த்த நாள்களுக்கும் நடுவில் என் ஜனவரி.

கூட்டுக் குழு எங்கள் முடிவைச் சோதிக்க மார்ட்டா என்பவரை நியமித்திருக்கிறது. வெளிநாட்டுக்காரர், அறுபது வயது இருக்கும். அறுபத்து நான்கு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். கனகசபை அதை அப்படியே எனக்குத் தள்ளிவிட்டார். மேலே ஒரு வார்த்தைகூட இல்லை.

விண்ணப்பம் 7718 பற்றி விசாரித்தேன். வரிசையில் உள்ளது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஊருக்குப் போகவில்லை. கேள்வி எண் 41. குக்கரில் பொங்கல் வைத்தேன், அடி பிடித்துவிட்டது.

அப்பா கேட்டார்: "கண்டுபிடிச்சா பேப்பர்ல எம்பேரு வருமா பாப்பா?"

"உங்க பேருதான்பா வரும்."

"ஒம்பேரும் போடச் சொல்லு."

இதைச் சொல்ல அவருக்கு இத்தனை வருடம் ஆயிற்று என்று நினைத்தேன். அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

அறுபத்து நான்கும் முடிந்தது. மார்ட்டா எழுதிய பதில்: "தெளிவான வேலை. செய்தவருக்குப் பாராட்டுகள்." கனகசபைக்கு எழுதியிருக்கிறார். அவர் எனக்கு அனுப்பவில்லை. அவர் அறை பிரிண்டரில் கிடந்தது, என் தாளை எடுக்கப் போனபோது பார்த்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

ஒப்புதல் கூட்டம் பிப்ரவரி 26 என்று தேதி வந்தது. அறுநூறு பேர் முன்னால் முடிவைப் படித்துக் காட்ட வேண்டும். அங்கே ஏற்றுக்கொண்டால் உலகத்துக்கு அறிவிப்பார்கள். படிப்பவர்: எம். கனகசபை. கீழே சின்ன எழுத்தில்: கோப்புத் தயாரிப்பு, சி. பூங்கோதை, விலகியவர்.

நேராக அவர் அறைக்குப் போனேன்.

"சார், நான்தான் ப்ரெசென்ட் பண்றதா இருந்துச்சு."

"சிஸ்டம் கோப்போட ஓனர் பேரைத்தான் எடுக்கும். அதுல நீ விலகிட்டேன்னு இருக்கு. விலகினவங்க ப்ரெசென்ட் பண்ண முடியாது, டீம் லீடர் பண்ணணும். ரூல் அப்படிம்மா."

"நான் இங்கதானே சார் நிக்கிறேன்."

"எனக்குத் தெரியாதா? ரெண்டு பேர்ல பதிஞ்சு வச்சது யாரு, நானா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேப்பர்ல செல்லச்சாமின்னு உன் பேரு வரத்தான் போகுது, அறுநூறு பேரோட. உனக்கு டென்ஷன் மிச்சம்னு நினைச்சுக்கோ."

ஒரு போன் செய்தால் அவரால் மாற்ற முடியும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவர் துடைத்த கண்ணாடிக்கும் தெரியும். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து வருடமாக எத்தனை சரி சார். வயிறு எரிகிறது. வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

நிரந்தர வேலைக்கான விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். எந்த வேலையை எந்தத் தேதியில் முடித்தேன் என்று கேட்டிருந்தது. டைரியை எடுத்து நவம்பரிலிருந்து புரட்டினேன்.

நவம்பர் 19. 41,376. 41,381. இயந்திரம் சீராக ஓடியிருக்கிறது, நல்லது.

அந்த 'நல்லது' என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. எந்த இயந்திரமும் அவ்வளவு சீராக ஓடாது. மூன்றாம் வருட முன்பாதியில் அது ஐந்து வாரம் பழுதாகிக் கிடந்ததே.

கோப்புகளின் விவரக் குறிப்பைத் திறந்து பார்த்தேன். 3-ஆ பின்பாதி இல்லை. 3-அ தான். முழு வருடத்தையும் போன இலையுதிர் காலத்தில் புது மென்பொருளில் மறுபடி ஓட்டிப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். வரிசை எண்ணுக்கு முன்னால் ஒரு எண்ணைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள், அதனால்தான் என் சோதனையில் சிக்கவில்லை. ஒரே சாவை இரண்டு பெயரில் இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன். நானே.

பழைய பதிவில் நுழையக் கை வரவில்லை. செல்லச்சாமி பதிவில் நுழைந்து, 3-ஆ இல்லாமல் ஓட்டினேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. மூன்றாம் வருடத்தில் கோடு தற்செயலாகக் கொஞ்சம் மேலே எழும்பியிருந்தது, அதைத்தான் நான் இரட்டிப்பாக்கி வைத்திருக்கிறேன். திமில் இருக்கிறது, பாதி உயரத்தில். 3.9. கண்டுபிடிப்பு இல்லை. ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பொய்யாகவே இருந்திருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும்.

நாளை கனகசபையிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன் இன்னொரு தடவை சரிபார்த்துவிட வேண்டும்.

பிப்ரவரி 21, வெள்ளி

கனகசபை கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்க்கிறார். தொந்தரவு செய்யவில்லை.

பிப்ரவரி 22, சனி

திரைச்சீலைகளை ஊறவைத்துத் துவைத்தேன். இவ்வளவு அழுக்கா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

மின்விசிறி துடைத்தேன். அலமாரி ஒழித்தேன். அப்பா அழைத்தார், நான் எடுக்கவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

கனகசபை புதுச் சட்டை எடுத்திருக்கிறார். மடிப்புக் கோடுகூடப் போகவில்லை. நடைபாதையில் பார்த்து, "எல்லாம் ரெடியாம்மா? சந்தேகம் எதுவும் இல்லையே?" என்றார்.

"இல்ல சார்" என்றேன். ஸ்லைடுகளைப் பற்றித்தான் கேட்டார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ரெஜினா, "ஒனக்க மொகமே செரியில்ல, எந்தாச்சு?" என்றாள். பல்வலி என்றேன். கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாள். இல்லாத வலிக்குக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சரிபார்ப்பு இன்னும் முடியவில்லை.

பிப்ரவரி 26, புதன்

மாலை ஐந்து மணி. என் மேஜையிலிருந்து கணினி வழியாகக் கூட்டத்தில் நுழைந்தேன். என் பக்க ஒலியை அடைத்துவிட்டேன். திரையில் என் கட்டத்துக்குக் கீழே 'பி. செல்லச்சாமி' என்று இருந்தது.

கனகசபை நன்றாகப் பேசினார். அதை மறைக்க மாட்டேன், நான் பேசியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. பன்னிரண்டாவது படத்தில் திமில் வந்தது. யாரோ கைதட்டினார்கள். மார்ட்டா கை தூக்கினார்.

"எனக்கு ஒரு எண் மட்டும் வேண்டும். மூன்றாம் வருடத்தில் மொத்தம் எத்தனை?"

"எண்பத்திரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம், இரண்டு பாதியும் சேர்த்து."

"இரண்டு பாதி என்று எதைச் சொல்கிறீர்கள்? 3-ஆ என்பது 3-அவின் மறுபதிப்பு. போன மாதம்தான் எனக்கே தெரிந்தது. நீங்கள் ஒன்றைத்தான் எடுத்திருப்பீர்கள் என்று நினைத்தேன்."

கனகசபை அடுத்த படத்துக்குப் போனார், திரும்ப முந்தைய படத்துக்கு வந்தார். மறுபடி அடுத்த படம். புதுச் சட்டையின் காலரைத் தளர்த்தினார். பிறகு சொன்னார்: "கோப்புப் பட்டியலைத் தயாரித்தது சி. பூங்கோதை. அவர் எங்கள் குழுவை விட்டு விலகிவிட்டார்."

நான் இருக்கும் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரு சுவர். அவர் குரல் கணினியிலும் சுவர் வழியாகவும் இரண்டு தடவை கேட்டது. நான் விலகிவிட்டேன் என்று.

இதை எழுதித்தான் ஆக வேண்டும்: எனக்கு அந்த நேரத்தில் இனித்தது. அவர் தடுமாறியபோது இனித்தது, பூங்கோதை மேல் பழி விழுந்தபோதும் இனித்தது, ஏனென்றால் அப்படி ஒருத்தி அங்கே இல்லை. ஒலியைத் திறக்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

சி. பூங்கோதையின் முகவரி கேட்டு மார்ட்டா கடிதம் எழுதியிருக்கிறாராம். அலுவலகத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. கனகசபை நான்கு நாளாக வரவில்லை. கேன் தண்ணீர் இப்போதெல்லாம் ஒழுங்காக வருகிறது.

மார்ச் 5, புதன்

காலையில் மின்னஞ்சல். "உங்கள் விண்ணப்பம் 7718 நிறைவேற்றப்பட்டது. இரு பதிவுகளும் 'பி. செல்லச்சாமி' என்ற ஒரே பதிவாக இணைக்கப்பட்டன. தாமதத்துக்கு வருந்துகிறோம்."

பூங்கோதையைத் தேடிப் போன மார்ட்டா என் விண்ணப்பத்தில் போய் முட்டியிருக்கிறார். மூன்றரை மாதம் வரிசையில் நின்றது, பத்து நிமிடத்தில் முடிந்திருக்கிறது. கண்டுபிடிப்பு என்றபோது நான் இரண்டு பேர். தப்பு என்றதும் ஒருத்தி.

பதிவைத் திறந்து பார்த்தேன். இரண்டு பதிவின் வேலைகளும் ஒரே பக்கத்தில், தேதி வாரியாக. நவம்பர் 19: கோப்புப் பட்டியல், 3-அ, 3-ஆ சேர்ப்பு. டிசம்பர் 11: 5.3. பிப்ரவரி 20: 3-ஆ நீக்கி மறு ஓட்டம், 3.9. அதற்குக் கீழே பிப்ரவரி 26 வரை எதுவும் இல்லை.

துவைத்த திரைச்சீலைகளை அதில் யார் எழுதப் போகிறார்கள்.

மார்ச் 7, வெள்ளி

கனகசபை கூப்பிட்டார். ஒரே வாரத்தில் முகம் ஒடுங்கிப்போயிருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து மேஜை மேல் வைத்திருந்தார்.

"ஆறு நாள் பூங்கோதை. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"நீங்களும் எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார்."

"நான் மேடைய எடுத்துக்கிட்டேன். ஆமா. அறுபத்து மூணு வயசாச்சு, ஒரு தடவை அங்க நிக்கணும்னு இருந்துச்சு." டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "இதைப் படி."

தேர்வுக் குழுவுக்கு அவர் எழுதிய கடிதம். தேதி பிப்ரவரி 10. 'இந்தக் கண்டுபிடிப்பு முதலிலிருந்து கடைசி வரை செ. பூங்கோதையின் உழைப்பு. இதில் என் பங்கு எதுவுமில்லை. இவருக்கு நிரந்தரப் பணி வழங்குவது நிறுவனத்துக்குப் பெருமை.' நான்கு வருடத்தில் என் பெயரை என் பெயராகவே எழுதியிருந்த ஒரே தாள் அதுதான்.

"நேத்து வாபஸ் வாங்கிட்டேன்" என்றார்.

ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அதே கேள்வியைத்தான் அவர் முதலில் கேட்டிருந்தார். எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

ரெஜினாவிடம் சொல்லிவிட்டேன். பல்வலி பொய் என்பதையும் சேர்த்து. "எனக்க கிட்டயாவது சொல்லியிருக்கலாம் டீ" என்றாள். எல்லோரும் இதையே சொல்கிறார்கள். மத்தியானம் அவள் டப்பாவோடு வேறு மேஜைக்குப் போய்ச் சாப்பிட்டாள்.

மார்ச் 20, வியாழன்

திமிலை எங்கள் கூட்டுக் குழுவிலேயே வேறு நாட்டு அணி ஒன்று எடுத்துத் தொடரப் போகிறது. இன்னும் இரண்டு வருடத் தரவு வரும். 3.9 ஒருநாள் ஐந்தைத் தாண்டினாலும் தாண்டும். அன்றைக்கு அறுநூறு பெயர் இருக்கும். என் பெயர் எதுவும் இருக்காது.

மார்ச் 31, திங்கள்

மேஜையைக் காலி செய்தேன். ஒரு டம்ளர், ஒரு சால்வை, கிராம்பு டப்பா. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அதிலும் பி. செல்லச்சாமிதான்.

பேருந்துக்குக் காத்திருக்கும்போது அப்பா அழைத்தார். குரல் சரியில்லை.

"பாப்பா, எம்பேருக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்துச்சு. செல்லச்சாமின்னு போட்டிருந்துச்சா, எனக்குத்தான்னு பிரிச்சுட்டேன். இங்கிலீசுல இருக்கு. டீக்கடையில காட்டல. நானே எழுத்துக் கூட்டிப் படிச்சேன்."

நிரந்தர முகவரியில் சாத்தூர் வீட்டைத்தான் கொடுத்திருந்தேன். அலுவலகம் அதற்கு அனுப்பியிருக்கிறது. அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஒரு நகல் என் பையிலும் இருக்கிறது. 'பி. செல்லச்சாமி பிழையை பிப்ரவரி 20 அன்றே அறிந்திருந்தும் தெரிவிக்கவில்லை. இது அவரது பணிப்பதிவில் சேர்க்கப்படுகிறது.'

"இது மெமோதான பாப்பா?"

"ஆமாப்பா."

"இருபதாந் தேதியே தெரியும்னு போட்டிருக்கான். நெசமா?"

"நெசந்தாம்பா."

முப்பத்தொரு வருடம் செக்கிங் இன்ஸ்பெக்டர்களிடம் பதில் சொன்னவர். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பேருந்து வந்தது. நான் ஏறவில்லை.

"போஸ்ட்மேன் கையெழுத்துக் கேட்டான்" என்றார் கடைசியில். "போட்டுத்தான் வாங்குனேன்."

எனக்காக அப்பா போட்ட முதல் கையெழுத்து அது.